பசும்புல்தரையின் பழுப்பு வட்டம்

ஐரோப்பியத் தோட்டக்கலையில் புல்தரை என்பது, பூவுக்கோ காய்க்கோ அன்றி, ஒரே மட்டமாக வெட்டப்பட்ட புல்லின் பசுமைக்காகவே பேணப்படும் நிலப்பரப்பைக் குறிக்கும். வீட்டின் முற்றத்திலோ பூங்காவிலோ விளையாட்டுத் திடலிலோ அமைந்த இத்தகைய தரையில் நாய் சிறுநீர் கழித்த இடம், சில நாட்களுக்குள் கருகி வட்டமாகப் பழுத்து நிற்பது, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோட்டம் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த தொல்லையாகும். அதைத் தீர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளும் தூள்களும் தெளிப்பு மருந்துகளும் ஏராளமாக இருக்க, அத்தொல்லைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அது புல்லின் வரலாற்றோடும் உரத்தின் வரலாற்றோடும் நகர்ப்புற வாழ்வின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புல்லுக்கு மனிதர் விலை கொடுத்து வாங்கி இடும் அதே ஊட்டம் ஒரே இடத்தில் அளவு மிஞ்சிக் கொட்டுவதாலேயே அந்த வட்டம் உண்டாகிறது. வேதியியலார்க்கும் உழவர்க்கும் நெடுங்காலமாகத் தெரிந்திருந்த இவ்வுண்மை வீட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

புல்தரையை முதன்முதலில் உண்டாக்கியவை விலங்குகளே. ஆங்கிலத்தின் 'லான்' என்னும் சொல், காட்டின் நடுவே மரமின்றித் திறந்து கிடக்கும் வெளியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகும். ஆடும் மாடும் முயலும் இடைவிடாது மேய்ந்த வெளிகளில் புதரும் மரக்கன்றும் தலையெடுக்க முடியாமற் போக, நுனி கடிபட்டாலும் மண்ணை ஒட்டியிருக்கும் வளர்முனையிலிருந்து மீண்டும் துளிர்க்கவல்ல புல் மட்டுமே நிலைத்தது. இந்த இயற்கை வெளியைச் சுவருக்குள் கொண்டுவரும் முயற்சி இடைக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட்டஸ் மேக்னஸ், செடிகொடிகளைப் பற்றிய தம் நூலில், இன்பத் தோட்டத்துக்குப் புல் பரப்பும் முறையை விளக்கியுள்ளார். நிலத்தில் கிடக்கும் பழைய வேர்களைக் களைந்து, கொதிநீரை ஊற்றி மண்ணில் ஒளிந்திருக்கும் விதைகளை அழித்து, வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்த புல்பாளங்களை, அதாவது வேரும் சிறிதளவு மண்ணும் சேர்ந்த புல் பத்தைகளை, நெருக்கமாக அடுக்கி, மரச் சம்மட்டியால் அடித்துப் படியவைக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் முறை. கருகிய இடத்தை வெட்டியெடுத்துவிட்டு நல்ல புல்பாளத்தைப் பதிக்கும் இன்றைய தோட்டக்காரரின் வேலை, கருவிகள் மாறியிருந்தாலும், அடிப்படையில் அந்த எழுநூறு ஆண்டுப் பழைய வேலையே ஆகும்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் தம் மாளிகைகளைச் சுற்றிப் பரந்த புல்வெளிகளை அமைத்தபோது, அவற்றின் பெரும்பகுதியை ஆடுகளே மேய்ந்து மட்டப்படுத்தின. மாளிகைக்கு மிக அருகிலுள்ள பகுதியை மட்டும் ஆட்கள் விடியற்காலையில், பனியின் ஈரத்தில் புல் விறைத்து நிற்கும்போது, நீண்ட பிடி கொண்ட அரிவாளால் அரிந்தனர். ஆடுகள் அப்பகுதிக்குள் நுழையாதிருக்கவும், மாளிகையின் பலகணியிலிருந்து பார்ப்போர்க்கு வேலி எதுவும் கண்ணில் படாதிருக்கவும் 'ஹா-ஹா' எனப்பட்ட பள்ளச்சுவர் பயன்பட்டது. ஒரு பக்கம் செங்குத்தான சுவராகவும் மறுபக்கம் சரிவாகவும் வெட்டப்பட்ட அகழி அது. ஸ்டோ முதலிய புகழ்பெற்ற தோட்டங்களில் அதனை இன்றும் காணலாம். விலங்கைக் கண்ணுக்கு அழகாகத் தூரத்தில் மேயவிட்டு, காலடியில் மட்டும் வராமல் தடுக்கும் எண்ணம் அப்பள்ளச்சுவரில்தான் கல்லில் வடிவெடுத்தது.

ஆட்டின் சிறுநீரும் புல்லைக் கருக்கவல்லதே. மேய்ச்சல் நிலத்தைக் கூர்ந்து பார்ப்போர், மாடோ ஆடோ சிறுநீர் கழித்த இடங்களில் புல் கரும்பச்சையாக அடர்ந்து நிற்பதையும், வறண்ட காலத்தில் அதன் நடுவே கருகியிருப்பதையும் காண்பர். ஆனால் மந்தை ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருந்தது. புல்லோடு பல்வகைப் பூண்டுகளும் கலந்து வளர்ந்ததால் ஒரு வட்டம் கருகினாலும் அது கண்ணில் உறுத்தவில்லை. தென் இங்கிலாந்தின் சுண்ணக் குன்றுகளில் பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை, இரவில் உழுநிலத்தில் தட்டிகளால் அடைத்துவைத்து, அத்தட்டிகளை நாள்தோறும் இடம் மாற்றிய வழக்கம் வேளாண்மையின் ஆணிவேராக விளங்கியது. தமிழகத்தில் கீதாரிகள் கிடை போடும் முறையும் இதுவே. அறுவடையான வயலில் ஆட்டுக்கிடையை ஒரே இடத்தில் பல நாள் வைத்திராமல் தள்ளித் தள்ளிப் போடுவதால், புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுவதும் பரவி உரமாகின்றன. ஒரே இடத்தில் விட்டால் அங்கே பயிர் வெந்துபோகும் என்பது கிடை வைப்போர்க்கு யாரும் கற்றுத்தர வேண்டாத செய்தியாகும். நாயால் கருகும் புல்தரைக்கு உரிய விடை இந்தப் பழக்கத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது.

நாயின் கழிவும் அக்காலத்தில் வெறுத்து ஒதுக்கப்பட்ட பொருளாக மட்டும் இருக்கவில்லை. ஹென்றி மேஹியூ 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் நகர ஏழைகளைப் பற்றி எழுதிய பெருநூலில், தெருத்தெருவாக நாய்மலம் பொறுக்கி வாளிக் கணக்கில் விற்றுப் பிழைத்த முதியோரைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. இலண்டனின் பெர்மாண்ட்சிப் பகுதியிலிருந்த தோல் பதனிடுவோர், ஆட்டுத்தோலை மென்மையாக்க அதனை வாங்கினர். நூல்களுக்கு அட்டை கட்டப் பயன்பட்ட மென்தோலில் ஒரு பகுதி அவ்வாறு பக்குவப்பட்டதே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ ரோம், அம்மென்மைக்குக் காரணமான நொதிகளை, அதாவது உயிர்ப்பொருள்களில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களை, விலங்கின் கணையத்திலிருந்து எடுத்துத் தோல் தொழிலுக்கு விற்கத் தொடங்கிய பின்னர், நாய்க்கழிவின் விலை மறைந்தது, பொறுக்குவோரும் மறைந்தனர், கழிவு மட்டும் தெருவில் தங்கிற்று.

இரண்டாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே சேர்த்து நோக்க வேண்டும். 1828இல் பிரீட்ரிக் வோலர் என்னும் ஜெர்மானிய வேதியியலார், உயிரற்ற உப்புகளிலிருந்து யூரியாவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். யூரியா சிறுநீரில் உள்ளது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ரூயெல் 1773இலேயே கண்டிருந்தார்; ஆயினும் உயிருடலுக்குள் மட்டுமே பிறக்கும் எனக் கருதப்பட்ட பொருளைக் கண்ணாடிக் குடுவையில் செய்துகாட்டியதே வோலரின் சாதனை. மனிதனுடையதோ நாயினுடையதோ, எந்தச் சிறுநீரகத்தின் துணையும் இன்றித் தம்மால் யூரியா செய்ய முடியும் என்று அவர் தம் ஆசிரியர் பெர்சீலியசுக்கு எழுதினார். வேதியியல் வரலாற்றில் மிகுதியும் பேசப்படும் அக்கடிதத்தில் நாய் இடம்பெற்றிருப்பது தற்செயலே எனினும், இக்கட்டுரையின் பொருளுக்கு அது மிகப் பொருத்தமானது.

இரண்டாண்டுகள் கழித்து, 1830இல், இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகருக்கு அருகே எட்வின் பியர்ட் பட்டிங் என்னும் பொறியாளர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அப்பகுதியின் கம்பளி ஆலைகளில், நெய்த துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரை ஒரே மட்டமாகக் கத்தரிக்க உருளைவடிவ வெட்டுக்கருவி இருந்தது. அதே அமைப்பைத் தரையில் உருட்டினால் புல்லையும் அவ்வாறே கத்தரிக்கலாம் என அவர் கண்டார். கம்பளியைக் கத்தரித்த கருவி புல்தரையைக் கம்பளமாக்கிற்று. அதற்குப் பின் ஆடு தேவைப்படவில்லை. அரிவாள் பிடிக்கும் ஆட்கூட்டமும் தேவைப்படவில்லை. சிறிய வீட்டுக்காரரும் புல்தரை வைத்துக்கொள்ளும் காலம் பிறந்தது. பெரிய இயந்திரங்களை இழுத்த குதிரைகளின் குளம்புகளுக்குத் தோலுறை மாட்டிய வழக்கம், அத்தரை எவ்வளவு நுட்பமான பொருளாகிவிட்டது என்பதைக் காட்டும். விலங்கால் பிறந்த தரை, தன் மேல் விலங்கின் சுவடே பதியக்கூடாது எனக் கருதப்படும் தரையாயிற்று.

உரத்தின் கதை இதனோடு இணைந்தே வளர்ந்தது. வேளாண் ஆய்வாளர்களான ஜான் லாஸும் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் 1856இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் ஒரு பழைய வைக்கோற்புல் வெளியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரமிட்டுத் தொடங்கிய ஆய்வு இன்றும் நடைபெறுகிறது. உரமிடாத பகுதியில் ஏறத்தாழ 40 வகைப் புல்பூண்டுகள் கலந்து நிற்க, அம்மோனியம் சல்பேட் இட்டுச் சுண்ணாம்பு இடாத பகுதிகளில் ஓரிரு வகைப் புல் மட்டுமே எஞ்சியது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், புல்லை வளர்க்கவும் செய்யும், வகைகளை ஒழிக்கவும் செய்யும் என்பது அங்கே கண்கூடாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் முறை ஜெர்மனியில் தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தது. 1920களில் யூரியாவும் ஆலைகளில் ஆக்கப்பட்டது. எடையில் 46 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட அந்த வெண்மணிகளை அறியாத உழவர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. நாயின் சிறுநீரில் நைட்ரஜன் பெரும்பாலும் இருப்பது இதே யூரியாவாகத்தான். இறைச்சியின் புரதத்தை உடல் பயன்படுத்திய பின் எஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. புரதம் மிகுந்த உணவை உண்ணும் நாயின் சிறுநீர் செறிவு மிக்கதாக இருப்பது இதனாலேயே.

மண்ணில் விழுந்த யூரியாவைச் சிதைப்பது யூரியேஸ் என்னும் நொதி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் சம்னர் 1926இல், தமிழில் வாளவரை எனப்படும் அவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் அவரையின் விதையிலிருந்து இதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். படிகமாக்கப்பட்ட முதல் நொதி இதுவே என்பதால் 1946இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்நொதியால் யூரியா அம்மோனியாவாக மாறும்போது அந்த இடத்து மண் சில நாட்களுக்குக் காரத்தன்மை மிகுந்ததாகிறது. அம்மோனியா வேர்நுனிகளைத் தாக்குகிறது. சிறுநீரிலுள்ள பிற உப்புகளோ வேருக்குள் நீர் புகவிடாமல், உள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுக்கின்றன. மழை பெய்தோ நீர் பாய்ச்சியோ சிறுநீர் கரைந்து பரவினால் புல் அதனை உண்டு செழிக்கும். வெயிலில் காய்ந்து செறிந்தால் கருகும்.

கருகிய வட்டம் ஒன்றை அருகில் குனிந்து பார்த்தால் இவ்வளவும் தரையிலேயே எழுதியிருப்பது புலப்படும். நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வைக்கோல் நிறத்தில் புல் படிந்து கிடக்கும். அதன் விளிம்பைச் சுற்றி மூன்று நான்கு விரல் அகலத்துக்கு மற்ற தரையை விடக் கரும்பச்சையாக, உயரமாக, தடித்த இலைகளோடு ஒரு வளையம் எழும்பி நிற்கும். நடுவில் அளவு மிஞ்சியதும் ஓரத்தில் அளவாக வந்ததும் ஒரே பொருளே. ஏற்கெனவே உரமிட்டு வளர்த்த தரையில் நடு கருகுகிறது. உரமின்றி மெலிந்த தரையில் நடு கருகாமலே பச்சைத் திட்டுகள் மட்டும் எழுவதும் உண்டு. காய்ந்த புல்லைப் பிடித்து இழுத்தால் அது வேரோடு கையில் வராமல் உறுதியாகப் பற்றியிருக்கும். மண்ணுக்குள் வண்டுப்புழு வேரைத் தின்றதால் காய்ந்த தரையோ பாயைச் சுருட்டுவது போலப் பிடிப்பின்றி எழும்பிவிடும். பூஞ்சை நோய்களும் வட்ட வட்டமாகவே தோன்றுவதால், மருந்து தெளிக்குமுன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது பெரும் செலவைத் தவிர்க்கும். பெண்நாயின் சிறுநீர் மட்டுமே கருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் பெண்நாய் குந்தி ஒரே இடத்தில் முழுவதையும் கழிப்பதும், ஆண்நாய் காலைத் தூக்கி மரத்திலும் தூணிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் செல்வதுமே வேறுபாடு. ஆண்குட்டிகளும் குந்தியே கழிப்பதால் அவையும் அதே வட்டத்தை இடுகின்றன.

இத்தொல்லையைப் பெருந்தொல்லையாக்கியது அமெரிக்கப் புறநகர். 1869இல் ரிவர்சைடு என்னும் குடியிருப்பை வடிவமைத்த பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், வீடுகளைத் தெருவிலிருந்து உள்தள்ளிக் கட்டவைத்து, முன்புறங்கள் யாவும் இணைந்து ஒரே பூங்காவாகத் தோன்றச் செய்தார். 1870இல் வெளியான பிராங்க் ஜெ. ஸ்காட்டின் வீட்டுத்தோட்டக் கலை நூல், முன்வெளியை வேலியிட்டு மறைப்பதைப் பண்புக் குறைவாகக் கண்டித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் தொடங்கி நியூயார்க்கை அடுத்து எழுந்த லெவிட்டவுனில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டபோது, வேலி போடக்கூடாது என்பதும் புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும் என்பதும் குடியிருப்போர்க்கு விதிகளாயின. வேலியற்ற தரையில் அயல்வீட்டு நாய் நடந்துவர எந்தத் தடையும் இல்லை. அது கழித்த இடம் தெருவெல்லாம் பார்க்க வட்டமாகக் கருகிற்று. ஆக, நாய் செய்த தீங்கு அண்டை வீட்டாரிடையே வழக்காகவும் மானப் பிரச்சினையாகவும் மாறியதற்கு வேலியை விலக்கிய அந்தக் கொள்கையே பெரிதும் பொறுப்பாகும்.

இதனோடு மற்றொரு மாற்றமும் சேர்ந்தது. அதுவரை அமெரிக்கப் புல்விதைக் கலவைகளில் வெண்மணப்புல் எனப்படும் வெள்ளைக் குளோவர் இயல்பாகவே இடம்பெற்றிருந்தது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடி காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் ஆற்றலுடையது. போர்க்காலத்தில் கண்டறியப்பட்ட 2,4-டி என்னும் களைக்கொல்லி 1945க்குப் பின் கடைகளுக்கு வந்தபோது, அகன்ற இலைச் செடிகள் அனைத்தையும் கொன்று புல்லை மட்டும் விட்டுவைத்தது; குளோவரும் களையாகக் கருதப்படலாயிற்று. அது தந்த தழைச்சத்துக்கு ஈடாக மூட்டை உரம் இடப்பட்டது. பல செடிகள் கலந்த தரையில் மறைந்துபோன வட்டம், ஒரே வகைப் புல்லும் மிகுந்த உரமும் கொண்ட தரையில் பளிச்செனத் தெரிந்தது. உரம் நிறைந்த மண்ணில் மேலும் கொட்டிய யூரியாவோ எளிதில் எல்லை மீறிற்று. நாய் மாறவில்லை, தரைதான் மாறியது.

மருத்துவம் இங்கேதான் பிழைபட்டது. சிறுநீரின் அமிலமே புல்லைச் சுடுகிறது என்ற எண்ணம் பரவி, கருகிய இடத்தில் சுண்ணாம்பும் ஜிப்சமும் சமையல் சோடாவும் தூவப்பட்டன. அமிலத்தை மாற்றும் எனச் சொல்லி நாய்க்குத் தக்காளிச் சாறும் மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. நாயின் சிறுநீர் பெரும்பாலும் இலேசான அமிலத்தன்மையே கொண்டது. மண்ணில் விழுந்த யூரியாவோ மேலே கண்டவாறு காரத்தையே உண்டாக்குகிறது. சமையல் சோடாவும் ஓர் உப்பே ஆதலால், உப்பு மிகுந்து வாடும் வேருக்கு அது மேலும் ஓர் உப்பைச் சேர்த்தது. இத்தனைக்கும் உண்மை அறிந்தோர் அருகிலேயே இருந்தனர். கோல்ஃப் திடல்களைப் பராமரித்தோர் 1920களில், களைகளை ஒடுக்கும் பொருட்டு அம்மோனியம் சல்பேட்டை இட்டு மண்ணை வேண்டுமென்றே அமிலமாக்கி வந்தனர். அமிலமே புல்லைக் கொல்லுமாயின் அத்திடல்கள் எஞ்சியிருக்க மாட்டா. உரம் இலையில் தங்கினால் சுடும் என்பதால், இட்ட கையோடு நீர் பாய்ச்சிக் கழுவிவிடுவது அவர்களின் அன்றாட வழக்கமாக இருந்தது. நம் ஊரில் யூரியா போட்ட வயலுக்குத் தண்ணீர் கட்டுவதும் அதே அறிவே. திடற்பணியாளரின் இந்த எளிய அறிவு, வேலி தாண்டி வீட்டுத் தோட்டத்துக்கு வரவில்லை.

நேரடி ஆய்வு மிகத் தாமதமாகவே நடந்தது. ஏ. டபிள்யூ. ஆலார்ட் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், நாயின் சிறுநீரை வெவ்வேறு செறிவிலும் அளவிலும் நான்கு வகைப் புற்களின்மேல் ஊற்றிப் பார்த்தார். கருகலைத் தீர்மானித்தவை செறிவும் அளவுமே. அமிலத்தையோ காரத்தையோ கூட்டிக் குறைத்ததால் பயன் எதுவும் விளையவில்லை. எட்டு மணி நேரத்துக்குள் அவ்விடத்தில் நீர் ஊற்றினால் புல் தப்பிப் பிழைப்பதும், பன்னிரண்டு மணி நேரம் கடந்தால் கருகல் மேலும் மேலும் மிகுவதும் தெரியவந்தது. கிடையைத் தள்ளிப் போட்ட இடையரும் திடலில் நீர் பாய்ச்சிய பணியாளரும் செய்ததற்கு ஆய்வுச் சான்று இவ்வாறு கிடைத்தது.

அந்த நான்கு புற்களில் ரை புல்லும் ஃபெஸ்க்யூவும் நன்கு தாங்கின. கென்டக்கி நீலப்புல்லும் பெர்முடா புல்லும் எளிதில் கருகின. பெர்முடா புல் என்று அமெரிக்கர் அழைப்பது வேறெதுவுமன்று, நம் அறுகம்புல்லே. பெர்முடாத் தீவுகள் அதன் பிறப்பிடமும் அல்ல. அதற்குத் தாவரவியலார் இட்ட சைனோடான் என்னும் பெயர் கிரேக்கத்தில் 'நாய்ப்பல்' எனப் பொருள்படும். நிலத்தடித் தண்டில் விறைப்பாக எழும் கூரிய மொட்டுகளைக் கண்டு அப்பெயர் அமைந்தது எனலாம். விநாயகருக்குச் சூட்டும் அறுகை, வயிறு சரியில்லாத நாய் தேடிச் சென்று கடித்துத் தின்பதைத் தமிழ் ஊர்களில் பார்த்தவர் பலர். நாயின் பெயரையே தாங்கிய புல், நாயின் சிறுநீருக்கு எளிதில் கருகுவது வியப்பே. ஆயினும் அறுகின் வலிமை தாங்குவதில் இல்லை, மீள்வதில் உள்ளது. தரைக்கு மேலும் கீழும் ஓடும் தண்டுகளால் சுற்றிலுமிருந்து படர்ந்து வெற்றிடத்தைத் தானே மூடிவிடும். மணமக்களை அறுகின் வேரைச் சொல்லி வாழ்த்துவது இப்பண்பு கருதியே. ரை புல்லோ தூராக நின்ற இடத்திலேயே வளர்வது. எளிதில் கருகாது, கருகிவிட்டால் தானாக மூடவும் மூடாது. ஆகவே எந்தப் புல் சிறந்தது என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. குளிர்நாட்டில் ரை புல்லையும் ஃபெஸ்க்யூவையும் கலந்து விதைப்பதும், வெப்பநாட்டில் அறுகை நம்பிக் காத்திருப்பதுமே பொருத்தமாகும்.

கருகிய இடத்தைச் சீர்செய்யும் முறை பெரிதும் மாறவில்லை. முதலில் அவ்விடத்தில் சில நாட்கள் நன்கு நீர் விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். இதனைச் செய்யாமல் விதைப்போர், புதிய முளையும் கருகுவதைக் கண்டு விதையைக் குறை கூறுவர். பின்னர் காய்ந்த புல்லை வாரியால் சுரண்டியெடுத்து, மேல்மண்ணைக் கிளறி, கொஞ்சம் புதுமண் கலந்து, விதையைத் தூவி மெல்ல அழுத்தி, முளைக்கும்வரை ஈரம் காயாமல் வைத்திருத்தல் வேண்டும். ரை புல் ஐந்து முதல் பத்து நாட்களில் முளைக்கும். நீலப்புல்லுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குளிர்நாடுகளில் கோடை தணிந்த இலையுதிர் காலத் தொடக்கமே இதற்கு ஏற்ற பருவம். அவசரமாகச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் கருகிய பகுதியை மண்ணோடு சதுரமாக வெட்டியெடுத்து, அதே அளவுப் புல்பாளத்தைப் பதித்து மிதித்துவிடலாம். புதிதாக இட்ட இடத்தில் உரம் போடாதிருப்பதே நன்று.

தடுக்கும் வழிகளில் வரலாறு விட்டுச்சென்ற வினோதமும் உண்டு. நீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டிகளைப் புல்தரையில் வைத்தால் நாய் அண்டாது என்ற நம்பிக்கை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவிற்று. தமிழக நகரங்களில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்த நீரைப் புட்டியில் அடைத்து வாசற்படியிலும் வண்டிச் சக்கரத்தருகிலும் வைக்கும் வழக்கம் அதன் உறவே. நாய்கள் அப்புட்டிகளின்மேலேயே காலைத் தூக்குவதைக் காணலாம்.

நகர ஆட்சிகள் எடுத்த நடவடிக்கைகள் பெரும்பாலும் மலத்தைப் பற்றியவை. 1930களில் நியூயார்க் நகரம், நாயை நடைபாதையில் விடாமல் தெருவோரத்துக்கு அழைத்துச் செல்லுமாறு பலகைகள் வைத்தது. 1978 ஆகஸ்ட் 1 முதல் அந்நகரத்தில் நாய்க்கழிவை உரிமையாளரே அள்ள வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாய்க்கென்றே ஓர் இடம் ஒதுக்கும் எண்ணம் 1979இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தோன்றிய ஓலோனி நாய்ப் பூங்காவில் உருப்பெற்றது. நாயை விரட்டுவதற்கு மாறாக அதற்கு உரிய இடத்தைக் கொடுப்பது என்ற இந்த மாற்றமே இவ்வரலாற்றில் மிகவும் பாராட்டத்தக்கது. வீட்டுத் தோட்டத்திலும் ஒரு மூலையில் சரளையோ மரச்சீவலோ பரப்பி, நாயைத் தினமும் வாரில் பிடித்து அங்கே அழைத்துச் சென்று, கழித்தவுடன் பாராட்டிப் பழக்கினால், சில வாரங்களில் அது தானாகவே அங்கு செல்லும். வேலியோரமாக ஓடி ஓடித் தேய்த்த பாதையில் மீண்டும் மீண்டும் புல் விதைப்பதும் வீண். அங்கே கல் பதித்துவிடுவதே முறை.

இன்றும் கடைகளில் விற்கும் பொருள்களில் பல, பழைய அமிலக் கொள்கையின் வழிவந்தவையே. சிறுநீரின் அமிலத்தன்மையைக் கூட்டினால் ஒரு வகைக் கல்லும் குறைத்தால் வேறொரு வகைக் கல்லும் நாயின் சிறுநீர்ப்பையில் உருவாகும் வாய்ப்பு மிகும். நீர் மிகுதியாகக் குடிக்கட்டும் என்று உணவில் உப்பைக் கூட்டுவது இதயமும் சிறுநீரகமும் நலிந்த நாய்க்குத் தீங்காகும். புரதத்தைக் குறைப்பது வளரும் குட்டிக்குப் பொருந்தாது. புல்லின் பொருட்டு நாயின் உணவில் எதையும் கூட்டவோ குறைக்கவோ எண்ணுவோர், அதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கேட்டாக வேண்டும். குடிக்க நல்ல தண்ணீரை எப்போதும் நாயின் அருகில் வைப்பதற்கும், அது கழித்த இடத்தில் அன்றைக்கே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவதற்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.